தெரியாத ஏரியில் கிராப்பி மீனை எங்கே தேடுவது?

டெக்சஸுக்குக் குடிமாறி வந்தவர் கேட்டிருக்கிறார்: பழைய ஊரில் கிராப்பி நன்றாகச் சிக்கும், இங்கே தூண்டில் அசையவே மாட்டேன் என்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

படகு வாங்க ஓடாதீர்கள். கிராப்பி கூட்டமாகத் திரியும் வட அமெரிக்க நன்னீர் மீன். பாலத்தூண், படகுத்துறை நிழல், மூழ்கிய மரக்கிளை என்று எதையாவது ஒட்டித்தான் நிற்கும். டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறை பல ஏரிகளில் மீனுக்கென்றே மரக்கிளைகளை மூழ்கடித்து, அந்த இடங்களின் ஜிபிஎஸ் விவரத்தைத் தன் தளத்தில் தருகிறது. முதல் நாள் வேலை அங்கேயே பாதி முடிந்தது.

மீதி, ஆழம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்கும்; இரை அதன் தலைக்கு மேலே தொங்க வேண்டும், கீழே போனால் பெரும்பாலும் சீந்தாது. தக்கைக்குக் கீழே 3 அடியில் தொடங்குங்கள். பத்து நிமிடம் ஒன்றும் இல்லையா, ஓரடி இறக்குங்கள். ஒன்று கடித்ததும் தூண்டில் நரம்பின் ஆழத்தை மாற்றாதீர்கள், மற்றவையும் அநேகமாக அதே ஆழத்தில்தான் இருக்கும். 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைத்த முள்ளோடு வரும் செயற்கை இரை) அல்லது உயிருள்ள சின்ன மீன் போதும்.

வசந்தத்தில் தண்ணீர் 60 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது முட்டையிடக் கரையோரம் வரும். புதியவருக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

அப்புறம், வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். நான் இழந்தவற்றில் பாதி அப்படிப் போனவைதான்.