மார்கழிக் குளிரை 25 வருடத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000. சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. 68 வயதான அம்மா எங்களோடு இருக்கிறார். வருடா வருடம் மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் என்று எங்காவது குளிருக்குப் போய் வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அம்மா இதுவரை ஊட்டியைப் பார்த்ததே இல்லை. கடைவீதியில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை எங்களை ஒரு ஓட்டலுக்கு வரவழைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசி, 25 வருட விடுமுறை உறுப்பினர் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். விலை 4,50,000. இன்றே சேர்ந்தால்தான் இந்த விலை என்றதால் 50,000 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதிக்கு மாதம் 11,130 வீதம் 48 தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருடப் பராமரிப்புக் கட்டணம் 16,000. வருடத்துக்கு 7 இரவு தங்கலாம். நல்ல முதலீடு என்றார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. தொடரலாமா? படிவங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தொடர வேண்டாம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, ரத்து செய்வதற்கான வழியை மின்னஞ்சலில் உங்களுக்கு எழுதிவிட்டேன். நாள் கடந்தால் கை நழுவிவிடும் விஷயம் அது. இதே மேசையில் உட்கார்ந்து எழுந்து வந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆசையைப் பற்றி. அதில் ஒரு தப்பும் இல்லை. கடன் இருக்கிற வீட்டில் சுற்றுலா எதற்கு என்று கேட்கிறவன் நான் இல்லை. பிள்ளைகள் நம்மோடு வரச் சம்மதிக்கிற வயது கொஞ்ச காலம்தான். அம்மாவின் கால்களுக்கும் கொஞ்ச காலம்தான் பலம். இந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதில்தான் உங்களை வழி மாற்றி விட்டிருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படிவத்தை மூன்று முறை படித்தேன். முகப்பில் பனி மூடிய புல்வெளிப் படம், கீழே 'டிசம்பர் ஊட்டி' என்று எழுத்து. பின்பக்க அட்டவணையை பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. அதில் வருடத்தை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். உங்களுக்கு விற்றிருப்பது வெள்ளை. மலைவாசஸ்தலங்களுக்கு டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை சிவப்பு, பொங்கல் வாரமும் சிவப்பு, ஏப்ரல், மே முழுக்கச் சிவப்பு. அதாவது உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அரையாண்டு, பொங்கல், கோடை விடுமுறை இருக்கிற அந்த நாட்களில் உங்கள் வெள்ளை அட்டை செல்லாது. முகப்பில் இருக்கும் படத்துக்குள் நீங்கள் நுழையவே முடியாது.

இன்னொரு வரியும் இருக்கிறது. அறைக்கு இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். ஐந்தாவது ஆளுக்கு, இடம் இருந்தால், தனிக் கட்டணம். ஊட்டியைப் பார்க்காத அம்மாவுக்காகத் தொடங்கிய பேச்சு, அம்மாவுக்குக் கட்டில் இல்லாத அறையில் முடிந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

இப்போது கணக்கு. 4 லட்சத்துக்கு 48 மாதம் 11,130 என்றால் வட்டி ஏறத்தாழ 15%. தவணையாக மட்டும் 5,34,240 கட்டுவீர்கள். முன்பணம் சேர்த்து 5,84,240. பராமரிப்புக் கட்டணம் 16,000 என்பது முதல் வருடத்துக்குத்தான். 'அவ்வப்போது திருத்தப்படும்' என்று படிவத்திலேயே இருக்கிறது. வருடம் 5% மட்டும் ஏறுவதாக வைத்துக்கொண்டால் பத்தாம் வருடம் 24,800, இருபத்தைந்தாம் வருடம் 51,600. மொத்தம் 7,63,000-க்கு மேல். ஜி.எஸ்.டி. தனி. ஆக 25 வருடத்தில் சுமார் 13.5 லட்சம். ஒரு இரவுகூட வீணாக்காமல் 175 இரவும் தங்கினால் இரவுக்கு 7,700 ரூபாய். சாப்பாடு, வண்டி, டிக்கெட் எதுவும் இதில் இல்லை.

175 இரவும் தங்குவீர்களா? மகள் மூன்று வருடத்தில் பத்தாம் வகுப்பு, ஐந்து வருடத்தில் பன்னிரண்டு. அடுத்து மகனுக்கு எட்டாவது வருடமும் பத்தாவது வருடமும் அதே கதை. பொதுத்தேர்வு வருடத்தில் தை மாதம் எந்த வீட்டில் மலை ஏறுகிறார்கள்? முதல் பத்து வருடத்தில் நான்கு இப்படியே போகும். கட்டணம் மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

விற்றவர் ஒரு நியாயத்தையும் சொல்லியிருப்பார்: அறை வாடகை வருடா வருடம் ஏறும், இன்றைய விலையில் 25 வருடத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று. வாடகை ஏறும் என்பது உண்மை. ஆனால் பராமரிப்புக் கட்டணமும் கூடவே ஏறுகிறது. விலை பூட்டப்படவில்லை, உங்கள் பணம்தான் பூட்டப்படுகிறது. முதலீடு என்ற சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். உங்கள் பெயரில் எந்தப் பத்திரமும் பதிவாகவில்லை, கிடைத்திருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். அவசரத்துக்கு விற்கலாம் என்று போனால் வாங்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடன் எதுவும் இல்லாமல், ஓய்வு பெற்று, நினைத்த மாதத்தில் கிளம்பக்கூடிய தம்பதிக்கு, மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால், இது ஓரளவு ஒத்துவரலாம். உங்களுக்கு ஒத்துவராது.

அதே பணத்தை நீங்களே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாதம் 11,130 ரூபாயை 48 மாதம் வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 6% வட்டிக்குப் போட்டால் 6 லட்சம் சேரும். அந்த 50,000 வைப்புநிதியில் 63,000 ஆகியிருக்கும். கையில் 6,65,000. அதன் வருட வட்டி மட்டுமே 39,900. கட்டாத பராமரிப்புக் கட்டணம் 16,000-ஐயும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 56,000 ரூபாய். அசல் அப்படியே உங்கள் பெயரில் இருக்கும், மகளின் கல்லூரிக்கும் அதுவே நிற்கும். உங்கள் சம்பளத்தோடு வட்டி சேர்ந்தாலும், இப்போதைய புதிய வரிமுறையில் வருட வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை வரிச் சுமை வராது.

ஆனாலும் 11,130 முழுவதையும் சுற்றுலாவுக்கு ஒதுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனோடு இதையும் சேர்த்தால் சம்பளத்தில் 41% தவணைக்கே போய்விடும், கையில் இருப்பதோ 70,000. முதல் வேலையாக அவசர நிதியை ஆறு மாதச் செலவுக்கு உயர்த்துங்கள். அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் அது மலைக்கு முன்னால் வரும். மாதம் 8,000 இந்த இரண்டுக்கும், 3,000 குளிருக்கு. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், இதற்குப் பொருந்தாது. வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள். 36,000 கட்டினால் 37,000 சொச்சம் வரும்.

அந்த 37,000 போதுமா என்றால், போகிற நாளைப் பொறுத்தது. நம் ஊரில் 'சீசன்' என்றாலே ஏப்ரல், மே. சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலத்துப் பழக்கம் அது. மலர்க்கண்காட்சியும் மே மாதம்தான். அறை வாடகை அப்போது உச்சத்தில் நிற்கும். அதற்கு அடுத்து அரையாண்டு விடுமுறையும் பொங்கலும். இவை போக மீதிக் குளிர்காலம் முழுக்க மலை காலியாகத்தான் இருக்கிறது. குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிட்டு, ஜனவரிக் கடைசி வாரத்திலோ பிப்ரவரி முதல் பாதியிலோ, ஞாயிறு கிளம்பிப் புதன் திரும்புங்கள். பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு. சும்மா ஒரு திங்கட்கிழமை அறை கேட்டால் பேரம் பேசக்கூட வேண்டியிருக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானமும் தெளிந்திருக்கும். நவம்பரில் போகாதீர்கள். மேட்டுப்பாளையம், குன்னூர் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிற்பது அந்த மாதங்களில் அடிக்கடி நடக்கும்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், எனவே திருச்சியில் மின்விசிறி போட்டுத் தூங்குகிற அதே இரவில் அங்கே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். போன தை மாதம் விடியற்காலை ஆறரைக்கு ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் நின்றேன். புல் பச்சையாக இல்லை, உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல் வெளுத்துக் கிடந்தது. காலை வைத்தால் நொறுங்குகிற சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் கொடுத்த கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், பாதி குடிப்பதற்குள் ஆறிவிட்டது. வெயில் மேட்டைத் தொட்டதும் வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்து எட்டரைக்கெல்லாம் வெறும் ஈரப்புல்லாகிவிட்டது. படிவத்தின் முகப்பில் இருக்கிற படம் இதுதான். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

ஐந்து பேருக்கு மூன்று இரவு என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு அறை, தலா 2,500 என்றால் 15,000. ரயில், பஸ் 4,500. உள்ளூரில் இரண்டு நாள் வாடகை வண்டி 6,000. சாப்பாடு 8,000. நுழைவுக் கட்டணம், வர்க்கி, சாக்லேட், பிள்ளைகளுக்குக் குல்லாய் 3,000. மொத்தம் 36,500. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் இருக்கிறது. அங்கேயும் விலை கேளுங்கள். சொந்தக் கார் என்றால், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அதை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம், வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையும் இல்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அதனால் ஆர்.டி. நவம்பர் கடைசியில் முதிரும்படி தொடங்குங்கள்.

எல்லா வருடமும் ஊட்டியே வேண்டும் என்றில்லை. பணம் இறுகுகிற வருடத்துக்கு ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, 1,500 மீட்டர் உயரம், அந்த மாதங்களில் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். ஒரு இரவு தங்கினாலே போதும். கொல்லிமலை உங்களுக்கு இன்னும் பக்கம், ஆனால் 70 வளைவு. ஆகாய கங்கை அருவிக்கு நூற்றுக்கணக்கான படி இறங்கி ஏற வேண்டும். அம்மாவோடு போகிற வருடம் அது வேண்டாம்.

இனி ரத்து செய்யும் வழி. இந்த வகை ஒப்பந்தங்கள் பலவற்றில், கையெழுத்திட்ட சில நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து இருக்கும். உங்கள் படிவத்தில் 11-வது பத்தி, 10 நாள். நான்கு ஏற்கெனவே போய்விட்டன. தொலைபேசியில் பேசாதீர்கள், பேசினால் மறுபடி மூன்று மணி நேரம் பேசுவார்கள். 'பத்தி 11-ன்படி ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்' என்று ஒரே பத்தியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தை விரைவுத் தபாலிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். கார்டு கொடுத்த வங்கிக்கும், தவணைக் கடன் தந்த நிறுவனத்துக்கும் நகல் அனுப்புங்கள். ரத்து உறுதியாகாமல் தவணையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கடன் உங்கள் பெயரில் ஏறியிருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற திருச்சியிலேயே வழக்குப் போடலாம்.

ஊட்டியில் அறை பதியும்போது தரைத்தளமா என்று கேளுங்கள், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேளுங்கள். அம்மாவுக்குக் கம்பளி சால்வையை திருச்சியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மலை ரயிலில் முழுத் தூரம் 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு அது கஷ்டம் என்று பட்டால் குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் டிக்கெட் எடுத்து, அவரை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.