வேலை அனுபவம் இல்லாத பிள்ளைக்கு எம்.பி.ஏ. இப்போது வேண்டாம்

மகள் பொறியியல் இறுதியாண்டு. நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். ‘படிப்பு முடிந்த கையோடு வெளிநாட்டில் எம்.பி.ஏ. சேர்த்துவிடு, கடன் ஆனாலும் பரவாயில்லை’ என்று அவள் பெரியப்பா நெருக்குகிறார் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. பெரியப்பாவின் யோசனை சரியில்லை.

பெரிய கன்சல்டிங் நிறுவனங்களில் நுழைவதற்குப் பொதுவாக இரண்டு படிகள் உண்டு. மெக்கின்சியில் படிப்பு முடித்து நேராக வருபவர் பிசினஸ் அனலிஸ்ட். சில ஆண்டு அனுபவத்தோடு எம்.பி.ஏ.வும் முடித்தவர் அசோசியேட். பிசிஜி எனப்படும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் அசோசியேட் என்பதே கீழ்ப்படியின் பெயர், அதற்கு மேல்தான் கன்சல்டன்ட். பெயர்களில் குழம்ப வேண்டாம். மேல் படிக்கு அவர்கள் தேடுவது அனுபவத்தை. பிரான்ஸின் இன்சியாட் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. வகுப்பின் சராசரி அனுபவமே ஐந்தாண்டுக்கு மேல். அனுபவமே இல்லாமல் எம்.பி.ஏ. முடித்த பெண் கீழ்ப்படிக்குத்தான் போட்டியிடுவாள். இளநிலைப் பட்டதாரிகளோடு போட்டி, செலவு மட்டும் எம்.பி.ஏ. செலவு.

அவளுக்குப் பொருந்துவது மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட், சுருக்கமாக மிம். அனுபவம் இல்லாதவர்களுக்காகவே, அதிகம் போனால் ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்காக உருவான படிப்பு இது. பாரிஸை ஒட்டி எச்இசி, எசெக். சுவிட்சர்லாந்தில் செயின்ட் கேலன். லண்டன் பிசினஸ் ஸ்கூல் என ஐரோப்பாவில் இதற்கு நல்ல மதிப்பு. எச்இசி, எசெக், லண்டன் மூன்றிலும் எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேன்ஹைமில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோதான் என்று பார்த்ததும் ஓடிப்போய் விண்ணப்பிப்பார்கள். இளநிலையில் வணிகப் பாடங்களில் கேட்ட அளவு கிரெடிட் (படித்த பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) இல்லாததால் பொறியியல் மாணவர் முதல் கட்டத்திலேயே கழிக்கப்படுவார். கட்டணத்துக்கு முன் தகுதி விதியைப் படியுங்கள்.

செம்ஸ் என்ற கூட்டுத் திட்டத்தை யாரும் கவனிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தமே உண்டு. 1988இல் நான்கு கல்லூரிகள் தொடங்கியது, இன்று முப்பதுக்கும் மேற்பட்டவை உறுப்பினர். தனியாகச் சேர முடியாது. உறுப்பினர் கல்லூரி ஒன்றில் முதுநிலை படித்தபடியே அதற்குத் தேர்வாக வேண்டும். ஒரு பருவம் வேறு நாட்டுக் கல்லூரியில், ஓர் இன்டர்ன்ஷிப், நிஜமான நிறுவனம் ஒன்றின் சிக்கலைக் குழுவாகத் தீர்க்கும் ப்ராஜெக்ட். அந்த ப்ராஜெக்ட் ஏறக்குறைய கன்சல்டிங் வேலையேதான்; நேர்முகத்தில் சொல்ல அவளுக்கு உண்மையான அனுபவம் கிடைக்கும்.

மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டை இறுதியாண்டிலேயே எழுதட்டும். தலா 45 நிமிடத்தில் மூன்று பகுதிகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை, ஐந்தாண்டு செல்லும். ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. கன்சல்டிங் விண்ணப்பங்கள் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே மூடத் தொடங்கும். ரெஸ்யூமே, கேஸ் இன்டர்வியூ (ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து அங்கேயே தீர்க்கச் சொல்லும் நேர்முகம்) பயிற்சி இரண்டும் விமானம் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் இடையில் இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் இருக்கும். அதுவே பலருக்கு வேலையாக மாறுகிறது. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வேலை வேண்டுமென்றால் அந்த மொழியில் வாடிக்கையாளரோடு பேசும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது என்பதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

‘பின்னால் எப்படியும் எம்.பி.ஏ. வேண்டுமே, இரட்டைச் செலவு’ என்று பெரியப்பா சொல்லக்கூடும். இரண்டு மூன்று ஆண்டு நன்றாக வேலை செய்த அனலிஸ்ட்டுக்கு அந்தச் செலவைச் சில நிறுவனங்களே ஏற்கின்றன, திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. பலருக்கு அது தேவைப்படுவதுமில்லை.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்சல்டிங் சம்பளத்தை வைத்துத் தவணைக் கணக்குப் போடாதீர்கள். அந்த வேலை கிடைக்காமல் சாதாரண வேலையில் சேர்ந்தாலும் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் அந்தக் கல்லூரி வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

இதற்கெல்லாம் முன், இது மகளின் ஆசைதானா என்று தெரிய வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் எக்செல், ஸ்லைடு, நள்ளிரவுத் திருத்தம், ஓயாத பயணம். ஒரு மாதம், தினம் ஒரு கேஸ், தோழி ஒருத்தியோடு சத்தமாகப் பேசித் தீர்க்கச் சொல்லுங்கள். லாபம் ஏன் குறைந்தது, புதிய சந்தையில் நுழையலாமா என்ற வகைக் கேள்விகள். மூன்றாவது வாரத்திலும் யாரும் சொல்லாமல் அவளே உட்காருகிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணம்கூடக் கட்ட வேண்டாம்.