கவுன்சலர் கடிதம் எப்படி நன்றாக வரும்?

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளி கவுன்சலரின் பொறுப்பில் 400 பிள்ளைகள். இவளை இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம். கல்லூரி விண்ணப்பத்துக்கு அவர் கடிதம் வேண்டுமாம். நாங்கள் என்ன செய்யலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமெரிக்கப் பள்ளி கவுன்சலர் சங்கம் பரிந்துரைப்பது ஒருவருக்கு 250 மாணவர்கள். 400 பேரை வைத்திருப்பவர், விவரம் எதுவும் கையில் இல்லாவிட்டால், நம்மூர் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரிதான் எழுதுவார்: ஒழுக்கமானவள், உழைப்பாளி. கெடுதல் இல்லை, பிரயோஜனமும் இல்லை.

வகுப்பில் உங்கள் மகள் எப்படி யோசிக்கிறாள் என்பதை ஆசிரியர்கள் தங்கள் கடிதங்களில் எழுதிவிடுவார்கள். கவுன்சலர் தன் கடிதத்தோடு நிரப்பி அனுப்பும் ஸ்கூல் ரிப்போர்ட் என்ற படிவம் வேறு: பள்ளியில் கிடைக்கிற பாடங்களில் இவள் எடுத்தவை எவ்வளவு கடினம் என்பதை அதில் குறிக்க வேண்டும். ட்ரான்ஸ்கிரிப்டை (பாடங்களும் கிரேடுகளும் உள்ள மதிப்பெண் பட்டியல்) கல்லூரி பார்த்ததும் ‘இது ஏன் இப்படி?’ என்று எழும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்தப் பதிலை அவருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பல பள்ளிகள் மே, ஜூன் வாக்கில் ‘பிராக் ஷீட்’ கேட்கும்; கடிதம் எழுத உதவியாக மாணவர் தன்னைப் பற்றி நிரப்பித் தரும் தாள் அது. பெற்றோருக்கும் ஒரு தாள் வரும். நம்மவர்கள் சறுக்குவது அதில்தான். ‘தலைமைப்பண்பு மிக்கவள், எல்லாரிடமும் அன்பாகப் பழகுவாள்’ என்று எழுதித் தள்ளுகிறோம். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ‘ஏபி கெமிஸ்ட்ரியும் (கல்லூரித் தரப் பாடம்) ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே பீரியடில் வந்தன, ஆர்க்கெஸ்ட்ராவை விடவில்லை, கெமிஸ்ட்ரியைக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் படித்தாள்.’ ‘பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியில் பி மைனஸ், அந்தக் குளிர்காலம் பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மாலையில் தம்பியை இவள்தான் பார்த்துக்கொண்டாள்.’ இப்படி நடந்ததை நடந்தபடி மூன்று எழுதினால் போதும். வீட்டு விஷயத்தில் எதைக் கடிதத்தில் சேர்க்கலாம், எது அவர் தகவலுக்கு மட்டும் என்றும் குறித்துவிடுங்கள். விருதுப் பட்டியல் விண்ணப்பத்திலேயே இருக்கும். இங்கேயும் அடுக்க வேண்டாம்.

கோடை விடுமுறைக்கு முன்பே மகள் அப்பாயின்ட்மென்ட் வாங்கி இருபது நிமிடம் பேசட்டும். நீங்கள் மெயில் போடாதீர்கள். அம்மா அப்பா எழுதும் மெயில்கள் அவருக்குத் தினம் வருகின்றன. பிள்ளை வந்து உட்கார்ந்தால்தான் முகம் மனதில் நிற்கும்.

பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். ஏர்லி, அதாவது முன்கூட்டியே போடும் விண்ணப்பங்களில் பலவற்றுக்கு நவம்பர் 1 கெடு. ஆனால் பள்ளிக்கென்று அதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு கெடு இருக்கும். அதைத் தவறவிட்டவர்கள்தான் அக்டோபரில் கவுன்சலர் அறை வாசலில் நிற்கிறார்கள். காமன் ஆப்பில் ஒரு கல்லூரியையாவது சேர்த்து, ஃபெர்பா (மாணவர் ஆவணங்களைப் பற்றிய அமெரிக்கச் சட்டம்) படிவத்தில் மகள் கையெழுத்திட வேண்டும். கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். ‘ஆம்’ என்பதே நல்லது. இல்லையென்றால் சிலர் எழுதவே யோசிப்பார்கள். கடிதங்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பள்ளி நேவியன்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், அந்தக் கணக்கையும் காமன் ஆப் கணக்கையும் இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் கடிதம் தயாராக இருந்தும் கல்லூரிக்குப் போகாது.

கலிபோர்னியாவின் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) கல்லூரிகள் மட்டும்தான் பட்டியலில் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். அங்கே விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை.