மரத்தில் தமிழ்ப் பெயர் வெட்டுவது: ஸ்க்ரோல் சாவும் மூன்று சுழி ணகரமும்

கேள்வி: தச்சு வேலை தெரியாதவர் வீட்டில் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடால் வளைவுகளை வெட்டும் ரம்ப மெஷின்) வாங்கி, மரத்தில் தமிழ்ப் பெயர்ப் பலகை வெட்ட முடியுமா? நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

முடியும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் வைத்துத்தான் செய்கிறேன். எனக்கு இன்றும் ஒரு முக்காலி செய்யத் தெரியாது. ஆனால் எழுத்து வெட்டத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ளக் காரணம் ஒரு பயணம், அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

என் அப்பா ராணுவத்தில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். 1780-ல் தொடங்கிய படை அது, தலைமையிடம் பெங்களூரு. அந்தப் படையின் சிப்பாயை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், தமிழே தெரியாத அதிகாரிகள்கூட. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் எதிரி புதைத்த கண்ணிவெடிகளை அகற்றி, நம் டாங்கிகள் ஆற்றைத் தாண்ட வழி திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்களின் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட். அப்பாவுக்கு அப்போது 20 வயது. அவரோடு சேர்ந்து பயிற்சி முடித்த ஒரு நண்பர், வேலூர்ப் பக்கத்துக்காரர், அங்கிருந்து திரும்பவில்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர் குடும்பத்துக்கு உரியது.

மூன்று வருடம் முன்பு அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன், இந்தியா கேட் அருகில் இருக்கும் தேசியப் போர் நினைவிடத்துக்கு. 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. அதை வடிவமைத்தது நம் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனும் அவருடைய வீபீ டிசைன் லேப் நிறுவனமும் என்பது எனக்குப் போன பிறகுதான் தெரியும். நடுவில் அணையாச் சுடரோடு ஒரு தூண், அதைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகச் சுவர்கள். மகாபாரதத்துச் சக்கர வியூகத்தை வைத்துப் போட்ட வடிவம் அது. 'தியாக சக்கரம்' என்ற வட்டத்தில் 16 சுவர்கள். ஒவ்வொரு கருங்கல் பலகையிலும் ஒரு வீரர். திறந்தபோதே 25,942 பெயர்கள் இருந்தன.

அங்கே காவலில் இருந்த ஒரு சிப்பாய் அப்பாவின் நண்பர் பெயர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அப்பா அழவில்லை. கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கடைசி வரைக்கும் ஓட்டினார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். நான் அதற்குள் எத்தனையோ பெயர்களைத் தாண்டி நடந்திருந்தேன். ஒன்றைக்கூட அப்படி வாசிக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள், "அவன் தங்கச்சி இன்னும் ஊர்லதான் இருக்கு. அவ்ளோ தூரம் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பேரை இங்கயே செஞ்சு குடுக்க முடியுமாடா? தமிழ்ல" என்று கேட்டார். கடையில் லேசரில் வெட்டிக் கொடுப்பார்கள் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இந்த மெஷினை வாங்கினேன்.

சரி, மெஷினுக்கு வருவோம். ஜிக்சாவில் மரம் நிற்கும், நாம் ரம்பத்தை நகர்த்துவோம். ஸ்க்ரோல் சாவில் அது நேர்மாறு. தையல் மெஷின் ஊசி மாதிரி மெல்லிய பிளேடு ஒரே இடத்தில் மேலும் கீழும் ஓடும், நாம் துணியைத் திருப்புவது போல மரத்தைத் திருப்ப வேண்டும். அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் கை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. நான் வாங்கியது பழைய 16 அங்குல மெஷின், வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளது. இந்த வேகக் கட்டுப்பாடு இல்லாததை வாங்காதீர்கள். இன்னொன்று, முனையில் குறுக்குக் கம்பி (pin) இல்லாத 5 அங்குல பிளேடு மாட்ட வசதி இருக்க வேண்டும். எழுத்தின் உள்பக்கத்தை வெட்ட, முதலில் துளை போட்டு அதற்குள் பிளேடை நுழைக்க வேண்டும். குறுக்குக் கம்பி வைத்த பிளேடு நுழைய பெரிய துளை போட வேண்டியிருக்கும், தமிழ் எழுத்தின் சுழிக்குள் அது போகவே போகாது.

மரத்துக்கு வால்டாக்ஸ் ரோடு பக்கம் மரவாடிகளும் பிளைவுட் கடைகளும் இருக்கின்றன. முதலில் ஆசையாகத் தேக்கு வாங்கினேன். மெல்லிய கால்கள் ரேகையின் குறுக்கே வந்த இடத்திலெல்லாம் பட் பட்டென்று உடைந்தன. அப்புறம் நல்ல 6 மி.மீ. பிளைவுட்டுக்கு மாறினேன். அதில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கம் வளைத்தாலும் ஓரளவு தாங்கும். பலகை மேல் பாக்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் எழுத்து அச்சடித்த தாளை ஒட்டுங்கள். டேப் இருந்தால் பிளேடு வழுக்கி ஓடும், மரம் கருகாது. 3 அல்லது 5-ம் நம்பர் பிளேடு போதும். பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் பலகை கையை விட்டுத் துள்ளும். இறுக்கிய பிறகு பிளேடை விரலால் சுண்டிப் பாருங்கள். வீணைக் கம்பி மாதிரி ணிங்கென்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வளைவுகளில் வெட்டு சாய்ந்துவிடும். நேர்கோடு வெட்டும்போது பிளேடு ஒரு பக்கமாக இழுக்கும். அது உங்கள் கைக் குறை இல்லை, பிளேடு செய்யும்போதே ஒரு ஓரம் சற்றுக் கூர்மையாகிவிடுவதால் வருவது. பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால் சரியாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துக் கற்றவர்கள் தமிழில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பலகையில் எழுத்தைத் துளைத்து எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி ரொம்பச் சுலபம், ஒரு 3 மி.மீ. துளை போட்டால் முடிந்தது. ஆனால் ம, வ, ன, ண இவற்றின் வளையங்கள் மூடியிருக்கும். வளையத்தைச் சுற்றி வெட்டினால் உள்ளே இருக்கும் மரத்துண்டு பிடிப்பு இல்லாமல் விழுந்துவிடும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது கொஞ்சம் மாறும். நான் எடுத்த எழுத்துருவில் மூன்று சுழி ணகரத்தில் மட்டும் அப்படி இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு.

அப்பாவின் நண்பர் பெயரில் அந்த ண இருக்கிறது. முதல் தடவை அந்தத் துண்டுகளை நான் கவனிக்கவே இல்லை. பலகையைத் தூக்கிப் பார்த்தால் எழுத்து வெறும் ஓட்டையாக நின்றது. இரண்டாவது தடவை, ஸ்டென்சிலில் செய்வது போல வளையத்துக்கு நடுவே சிறு பாலம் விட்டு வெட்டினேன். துண்டு விழவில்லை. அப்பா பார்த்துவிட்டு, "பேர் நடுவுல வெட்டு விழுந்த மாதிரி இருக்கே" என்றார். அதற்கு மேல் அந்தப் பலகையை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது தடவைதான் வழி பிடிபட்டது. முன்பலகைக்குப் பின்னால் கருநிறச் சாயம் ஏற்றிய இன்னொரு பலகையை வைத்துவிட்டால், விழுந்த துண்டுகளை அதன் மேல் அதே இடத்தில் ஒட்டிவிடலாம். அப்போது பாலமே தேவையில்லை. ஆனால் துண்டுகள் தொலையக் கூடாது. மெஷின் மேசையில் பிளேடு போகும் ஓட்டை பெரிது, அதற்குள் விழுந்தால் மரத்தூளோடு போய்விடும். காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டில் பிளேடு மட்டும் போகும் அளவுக்கு நுண்துளை போட்டு, மேசை மேல் ஒட்டிவிட்டேன். வெட்டு முடியப் போகும்போது வேகத்தைக் குறைத்து, பென்சில் ரப்பர் முனையால் துண்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். வரிசையும் முக்கியம்: வளையத்தின் உள்துண்டு முதலில், பிறகு எழுத்து, பலகையின் வெளி ஓரம் கடைசியில். ஓரத்தை முதலில் வெட்டினால் பிடிக்க இடமும் இருக்காது, பலகைக்கு வலுவும் இருக்காது.

இவ்வளவு செய்தும் ஒரு துண்டு தெறித்துவிட்டது. கரண்ட் போய் வந்த நேரம், கை அசைந்துவிட்டது. நான் தாளை எடுத்து மறுபடி அச்சடிக்கலாம் என்று எழுந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, மரத்தூளை விரல் அகலம் விரல் அகலமாக ஒதுக்கத் தொடங்கினார். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, பார்த்த இடத்தைத் திரும்பப் பார்க்காமல், அவசரமே இல்லாமல். 50 வருடம் முன்பு கற்ற வேலை அந்தக் கையில் அப்படியே இருந்தது. இருபது நிமிடம் கழித்து, மேசைக் காலருகே இருந்து அந்தத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அன்றிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது.

நம் வட சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். காசிமேடு, தண்டையார்பேட்டை, ராயபுரம் எல்லாம் உப்புக் காற்று. வார்ப்பிரும்பு மேசை ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் மெருகேற்றி வையுங்கள். மரமும் அதில் வழுக்கி நகரும். பிளைவுட்டைச் சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள், மழைக்காலத்தில் வளைந்துவிடும். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் உட்காராதீர்கள், பிளைவுட் தூளில் பசையும் கலந்திருக்கிறது. உப்புத்தாளை முன்பக்கம் மட்டும் லேசாக ஓட்டினால் போதும், அழுத்தித் தேய்த்தால் எழுத்தின் முனைகள் மழுங்கிவிடும்.

பலகையை எடுத்துக்கொண்டு பெரம்பூரில் ரயில் ஏறிக் காட்பாடி போனோம், அங்கிருந்து பஸ். அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு அருகில் இருக்கும். அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பா டெல்லியில் செய்ததைப் போலவே ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டினார். ண வந்த இடத்தில் ஒட்டிய துண்டுகளையும் சுற்றி வந்தார். முடித்துவிட்டு நிமிர்ந்து, "எங்கப்பா பேரு முதல் எழுத்து இல்லையே தம்பி" என்றார்.

உண்மைதான். அப்பா தன் நண்பரை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே வெட்டியிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் அதோடு முடிவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பலகையை அவர் திருப்பித் தரவில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். புதிதாக ஒன்று செய்து கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் எழுத்து 'மு'. அதற்கும் ஒரு வளையம் இருக்கிறது. அதன் உள்துண்டை நேற்று வெட்டித் தீப்பெட்டியில் போட்டாயிற்று. இன்று ராத்திரி ணகரம்.