மகளுக்கு எலக்ட்ரீசியன் படிப்பு, தாய்க்கும் ஒரு பயிற்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) எலக்ட்ரீசியன் பிரிவில் சேர விரும்புவதாகவும், "பெண் பிள்ளைக்குத் தையல் போதாதா?" என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எலக்ட்ரீசியன் பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

தையலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எலக்ட்ரீசியன் ஈராண்டுப் படிப்பு. அதை முடித்துத் தேசிய தொழிற்சான்றிதழ் பெற்றவர் உதவித்தொகையுடன் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) ஒரு நிறுவனத்தில் சேரலாம், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து டிப்ளமோவும் படிக்கலாம். திருப்பெரும்புதூர், ஓசூர் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகிறார்கள் என்றாலும், அவர்களில் மிகுதியானோர் பொருத்தும் வரிசையிலேயே நிற்கிறார்கள். இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்க இத்தகைய சான்றிதழ் வேண்டும்.

செலவைப் பற்றிய கவலை வேண்டாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிளும், சீருடையும், பாடநூலும், பேருந்து அட்டையும் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாயும் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்கு ஐடிஐ வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில் பெண்கள் பாதியில் நின்றுவிடுவது பணத்தால் அன்று, பெரும்பாலும் போக்குவரத்தால்தான். விண்ணப்பிக்கும் முன் மகளுடன் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள்: பயிற்சிக்கூடத்தில் மோட்டாரும் ஒயரிங் பலகையும் பயன்பாட்டில் உள்ளனவா, பெண்களுக்கான கழிப்பறை பூட்டாமல் இருக்கிறதா, மாலை வகுப்பு முடிந்தபின் உங்கள் ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு? பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான் பொருந்தும். தொலைவு அதிகமெனில் விடுதி வசதி உள்ள ஐடிஐயைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அரசு அங்கீகாரம் பெற்றது என்று விளம்பரம் செய்துவிட்டு முன்பணம் கேட்கும் இடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், "எனக்கு 38 வயது, பத்தாம் வகுப்புதான், எனக்கு ஏதும் உண்டா?" என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. தமிழக ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஈராண்டு வீட்டை விட்டுப் போய்வர இயலாது எனில், மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சியில் பெண்கள் 45 வயது வரை சேரலாம். சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணமிருந்தால், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் உணவுடன் இலவசக் குறுகிய காலப் பயிற்சி உண்டு. ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். சுய உதவிக் குழுவில் உறுப்பினர் என்றால் அதையும் சொல்லுங்கள்.