கிழமை பார்த்துச் சாப்பிடும் மருந்து

கேள்வி: மாமியாருக்கு 72 வயது. எலும்புத் தேய்மானம் என்று அலெண்ட்ரோனேட் 70 மாத்திரையை வாரம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை காபியோடு விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். நெஞ்சு எரிகிறதாம். வேறு மாத்திரை கேட்கலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லில் முட்டிவலியையும் இதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். உங்கள் மாமியாருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது. எலும்பை அரிக்கும் செல்கள் வேகமாகவும் கட்டும் செல்கள் மெதுவாகவும் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை இந்த மாத்திரை அடக்கிவைக்கும்.

வெறும் தண்ணீரோடு விழுங்கினாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து இது. காபியோடு போட்டால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீண். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அந்தப் புண்தான் எரிகிறதோ என்னவோ. அதனால் அடுத்த ஞாயிறு மாத்திரை வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தொடரச் சொன்னால், எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் உட்காரலாம், நடக்கலாம், படுக்கக் கூடாது. காபி அதற்குப் பிறகுதான். காபியை விடவே மாட்டேன் என்கிறவர்களுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், சிறுநீரகம் நன்றாக இருந்தால், வருடம் ஒரே ஒரு தடவை டிரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் இருக்கிறது. முதல் தடவை ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் பாக்கெட் எழுதினார்கள். தினமும் ஒன்றைப் பாலில் கலந்து ஒரு மாதமாகக் கொடுத்துவருகிறோம். வாரம் ஒன்று என்று இப்போதுதான் தெரிந்தது. நிறுத்தினால் போதுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது தம்பி. பாக்கெட்டோடு கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போய் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். வாந்தி, மந்தம், உளறல் ஏதாவது இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதில் உங்களைத் திட்டும் தகுதி எனக்கில்லை. பத்து வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு இதே பாக்கெட்டை நான்தான் எழுதினேன். போனில், “வாரம் ஒண்ணும்மா” என்றும் சொன்னேன். அம்மா தினமும் ஒன்று குடித்திருக்கிறார். கேட்டால், “சத்துப் பவுடர்தானே, வாரத்துக்கு ஒண்ணு குடிச்சா என்னத்துக்கு ஆகும்?” என்றார். ஏழு வாரம்! முதலில் மலச்சிக்கல், பிறகு ஓயாத தாகம், ராத்திரி ஐந்தாறு முறை பாத்ரூம். சர்க்கரையோ என்று பார்த்தார்கள், இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்க ஆரம்பித்தார். “வயசாச்சு, அப்படித்தான்” என்றான் தம்பி. நானும் ஒரு வாரம் அதையே நம்பினேன். ரத்தம் எடுத்தபோது கால்சியம் 13.2. பத்தரையைத் தாண்டக் கூடாத அளவு அது.

பெயர்தான் வைட்டமின், செய்வதெல்லாம் ஹார்மோன் வேலை. தோலில் உருவாகி, கல்லீரலில் ஒரு படி மாறி, சிறுநீரகத்தில் முழுமையாகி, குடலிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் சேர்க்கும். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. அம்மாவின் தாகத்துக்கு அதுதான் காரணம். ஐந்து நாள் சலைன் ஏற்றி இறக்கினோம். ஆனால் டி கொழுப்பில் தங்குகிற சரக்கு. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அப்பாவுக்கு ஒரு தடவை பார்த்து சரியாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள்.

அன்றிலிருந்து நான் ‘வாரம் ஒன்று’ என்று எழுதுவதில்லை, ‘ஞாயிறு மட்டும், எட்டு ஞாயிறு’ என்று எழுதுகிறேன். வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அந்த எட்டுத் தாளிலும் பேனாவால் வட்டம் போடச் சொல்கிறேன்.

கேள்வி: தைராய்டை முழுதாக எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போடச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சத்து ஊசி வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கிறது என்றே தோன்றுகிறது. இன்றே பரிசோதனை செய்யுங்கள். கை கோணி இழுத்தாலோ தொண்டை இறுகினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றுவார்கள்.

தைராய்டின் முதுகில் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்வது இவைதான். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849இல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கவனித்தார். மனிதருக்கும் உண்டு என்று ஸ்வீடனில் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் விவரித்தார். அவ்வளவு பெரிய மிருகத்தில்தான் கண்ணில் பட்டிருக்கிறது, உங்கள் சர்ஜன் பாவம்! ஆபரேஷனில் இவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் கொஞ்ச காலம் சுணங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் திரும்பிவிடும்.

அதுவரை கால்சியத்தோடு கால்சிட்ரியால் தருவார்கள். சாதாரண டி பாக்கெட் மட்டும் போதாது. அதைச் சிறுநீரகத்தில் முழுமையாக்க உத்தரவு போடுவதே பாராதைராய்டு ஹார்மோன்தான். கால்சிட்ரியால் முழுமையான நிலையிலேயே வருகிறது. இன்னொன்று: காலையில் தைராக்ஸின் போட்டால் கால்சியத்துக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி: எலும்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறேன். மகள் பிரசவத்துக்குப் போனதில் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. பிரண்டைத் துவையலும் கேழ்வரகுக் கூழும் விடாமல் சாப்பிடுகிறேன். அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாதம்மா, இந்த வாரமே போங்கள். அலெண்ட்ரோனேட் மாதிரி மாத்திரைகள் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், இது தங்காது. ஊசியின் பிடி விட்டதும், அது அடக்கிவைத்த எலும்பை அரிக்கும் செல்கள் கூட்டமாகக் கிளம்பும். முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகள் நொறுங்கியவர்கள் உண்டு. நிறுத்த விரும்பினாலும் சும்மா நிறுத்தக் கூடாது, வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும்.

கேழ்வரகு நல்லது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். பிரண்டையை நானும் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறவள்தான். ருசிக்குச் சாப்பிடுங்கள், ஊசிக்குப் பதிலாக வேண்டாம். ஊசிக்கு முன் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள், குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் போடுவார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை கொடுத்திருப்பார்களே, அதே மாதிரி ஒரு அட்டையில் உங்கள் தேதிகளையும் எழுதி மகளிடம் கொடுத்துவிடுங்கள்.