கிரேடு குறைந்தால் சாதனை குறையுமா?

கேள்வி: போல்டரிங்கில், அதாவது கயிறில்லாமல் உயரம் குறைந்த பாறைகளில் ஏறும் விளையாட்டில், பெண்கள் உச்சத்துக்குப் போய்விட்டார்கள் என்கிறீர்கள். ஒரு பெண் ஏறிய உடனே அந்தப் பாறையின் கிரேடையே, அதாவது அது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணையே, குறைத்துவிடுகிறார்களே? சின்ன விரலும் குறைந்த எடையும் இருந்தால் சுலபம்தானே?

பதில்: நீங்கள் மனதில் வைத்திருப்பது 'பாக்ஸ் தெரபி'யாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் இருக்கிற பாறை. 2023-இல் கேட்டி லாம்ப் என்ற பெண் அதை ஏறியபோது கிரேடு வி16 (எண் கூடக் கூட ஏறுவது கடினம்). அதுவரை எந்தப் பெண்ணும் வி16 ஏறியதில்லை. சில மாதங்களில் அதே பாறையை ஏறிய புரூக் ராபுட்டு, இது வி15தான் என்றார். அவரும் பெண்தான். தன் சாதனையின் மதிப்பும் சேர்ந்து குறையும் என்று தெரிந்தே சொன்னார்.

கிரேடை யாரும் அளவுகோல் வைத்து எடுப்பதில்லை. முதலில் ஏறுபவர் ஓர் எண்ணைச் சொல்வார். அப்புறம் வருபவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஒரு படி இறக்குவார்கள். ஆண்கள் மட்டுமே ஏறிய பாறைகளுக்கும் இதுதான் நடக்கிறது. அப்போது ஆண்களின் திறமையை யாரும் சந்தேகிப்பதில்லை. லாம்பின் திறமையையும் சந்தேகிக்க வேண்டியதில்லை: அவர் 2025-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் 'தி டார்க் சைடு' என்ற வி16 பாறையையும் ஏறி முடித்தார்.

சரி, விரலுக்கு வருவோம். ஜப்பானின் தொமோகோ ஒகாவா 2012-இல் 'கதார்சிஸ்' ஏறி, வி14 தொட்ட முதல் பெண் ஆனார். அந்த ஒரே பாறைக்கு மூன்று வருடம் திரும்பத் திரும்பப் போனவர் அவர். 2016-இல் 'ஹொரைசன்' ஏறி வி15-ஐத் தொட்ட முதல் பெண்ணான அஷிமா ஷிராய்ஷிக்கு அப்போது வயது 14. சின்ன விரல் மட்டும் போதுமென்றால் இவர்களுக்கு முன்பே எத்தனையோ பேர் ஏறியிருக்க வேண்டும்.

சின்ன உடம்பு எப்போதும் லாபமும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் முதல் போல்டரின் (செயற்கைச் சுவரில் கயிறில்லாமல் ஏறும் பாதையின்) தொடக்கப் பிடி, 154 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜப்பான் வீராங்கனை ஐ மோரிக்கு எட்டவில்லை. குதித்தார், விழுந்தார், மறுபடி குதித்தார். ஏறவே ஆரம்பிக்க முடியாமல் அந்த போல்டரில் பூஜ்யம். அதே இறுதிச் சுற்றில் கயிற்றோடு ஏறும் பகுதியில் 96.1 புள்ளி எடுத்தார்; எட்டுப் பேரில் அதுதான் அதிகம். மொத்தக் கணக்கில் நான்காவது இடம், பதக்கம் கிடையாது. எட்டாத பிடிக்காக அவருக்கு அரைப் புள்ளிகூடக் கூட்டிப் போடவில்லை. போடவும் கூடாது. அங்கே உயரத்தைக் கணக்கில் எடுக்காத நாம், பாறையில் ஒரு பெண் ஜெயித்ததும் அவர் விரலை அளக்கப் போவது நியாயமே இல்லை.